தாய்க்கொடியின் கணக்கு: மும்தாஜ் மஹால் என்ற பந்தயக் குதிரையும் மரபு உருவாகும் விதமும்

கங்கைகொண்டசோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர். 11ஆம் நூற்றாண்டில் அது பெரும்படை கொண்ட சோழப் பேரரசின் தலைநகர். அந்தப் படைக்கு வேண்டிய குதிரைகளை இந்த மண் ஈன்று தரவில்லை. கடல்வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்குவதையும், வாங்கியவற்றுள் பெரும்பகுதி மடிந்துபோவதையும் எழுதுகிறார். உயர்ந்த ஆண்குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டியே பிறக்கிறது என்றும் அவர் குறிப்பு இருக்கிறது. மண்ணும் தட்பவெப்பமும் இதற்குக் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: நூற்றாண்டுக் கணக்கில் குதிரைக்குச் செலவழித்த நாட்டில் ஏன் ஒரு குதிரை மரபு கால்கொள்ளவில்லை? வாங்கிய குதிரை படைக்கு உதவும்; மரபுக்கு வேண்டியது வேறு. ஒரு பெட்டையின் குறையை அறிந்து, அதற்கேற்ற இணையைத் தேடி, அவள் மகளையும் மகளின் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிப்பில் வைத்திருக்கும்போதுதான் மரபு பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கு மிகத் தெளிவான சான்று, இந்தியப் பிறப்பும் இந்தியக் குதிரைலாயமும் உடைய ஓர் உரிமையாளரின் கையில் வளர்ந்த மும்தாஜ் மஹால்.

கராச்சியில் 1877இல் பிறந்த மூன்றாம் ஆகா கான், பம்பாயிலும் பூனாவிலும் பந்தயக் குதிரைகளை வைத்திருந்தவர். ஐரோப்பாவில் இனப்பெருக்கப் பண்ணை தொடங்க 1920களின் தொடக்கத்தில் அவர் குட்டிகளை வாங்கினார். 1922இல் டான்காஸ்டர் ஏலத்தில் அவருக்காக ஜார்ஜ் லாம்ப்டன் 9,100 கின்னிக்கு எடுத்த ஒரு வயதுச் சாம்பல் நிறப் பெண்குட்டிதான் மும்தாஜ் மஹால். தந்தை, 1913இல் ஓடிய 7 பந்தயங்களிலும் தோல்வி காணாத தி டெட்ரார்க். தாய் லேடி ஜோசஃபின். இரண்டு வயதில் அவள் ஓடிய ஓட்டம் இங்கிலாந்தை வியக்க வைத்தது. அஸ்காட்டில் குவீன் மேரி பந்தயத்தைப் பத்து உடல்நீள இடைவெளியில் வென்றாள். குட்வுட்டில் மோல்கோம்பும் டான்காஸ்டரில் ஷாம்பெய்னும் அவளுக்கே போயின. பருவத்தின் கடைசி ஓட்டத்தில், கெம்ப்டனின் சேற்றுத் தரையில், ஆர்கேட் என்ற குதிரையிடம் அரை உடல்நீளத்தில் தோற்றாள். அடுத்த ஆண்டு 1,600 மீட்டர் அளவுள்ள ஆயிரம் கின்னிப் பந்தயத்தில் பிளாக் என்ற குதிரை அவளை முந்தியது. அதே தூரமுள்ள காரனேஷன் பந்தயத்தில் முன்வரிசைக்கே வரவில்லை. பிறகு குறுந்தூரத்துக்குத் திரும்பி, குட்வுட்டில் ஒன்றும் யார்க்கில் ஒன்றுமாக இரண்டு பந்தயங்களை எளிதாக வென்று ஓய்ந்தாள். மொத்தம் 10 ஓட்டம், 7 வெற்றி.

இந்தக் கணக்கைப் பெருமையாக மட்டும் வாசித்தால் பொருள் நழுவிவிடும். தோல்விகள் எங்கே நேர்ந்தன என்று பார்க்க வேண்டும். ஒன்று தரை கனத்தபோது. மற்ற இரண்டு தூரம் நீண்டபோது. அதாவது அவளிடம் அளவுகடந்த வேகம் இருந்தது, அதைத் தாங்கிச் செல்லும் மூச்சு இல்லை. ஐரோப்பியப் பந்தய உலகம் மதித்ததோ டெர்பிப் பந்தயத்தின் 2,400 மீட்டரை. வேகத்தை மேலும் வேகத்தோடு சேர்ப்பது எளிய வழி. ஆகா கானின் பண்ணை அவ்வழியில் நிற்கவில்லை. முன்னோர்களின் பங்கைக் கணக்கிட்டு இணை தேடும் முறையை வகுத்த பிரெஞ்சுப் படை அதிகாரி வூலியேயும், அவருக்குப்பின் அவர் மனைவியும் அங்கே ஆலோசகர்களாக இருந்தனர். 1918இல் முப்பெரும் பந்தயங்களையும் வென்ற கெயின்ஸ்பரோவோடு சேர்த்ததில் மாஹ் மஹால் பிறந்தாள். 1930 டெர்பியை வென்ற பிளென்ஹைமோடு சேர்த்ததில் மும்தாஜ் பேகம். இருவரும் பெண்கள், இருவரும் பண்ணையிலேயே தங்கினர். மாஹ் மஹாலைப் பிளென்ஹைமோடு சேர்த்ததில் பிறந்த மஹ்மூத், 1936இல் டெர்பியை 2 நிமிடம் 33.8 விநாடியில் ஓடி முடித்தான். அந்த நேரத்தை 1995 வரை எவரும் முறியடிக்கவில்லை. மைலுக்கே மூச்சுத் திணறியவளின் பேரன் ஒன்றரை மைலில் சாதனை படைத்தது, அவள் உடலின் வேகம் மட்டும் தந்த பரிசன்று. அவள் உடலின் குறையை ஒருவர் படித்ததன் பயன்.

இதற்கு எதிர்ச்சான்று அதே குடும்பத்தில் உண்டு. அதை மறைத்து வாதம் செய்வது நேர்மையாகாது. மும்தாஜ் மஹாலின் மற்றொரு மகள் ருஸ்தம் மஹாலின் தந்தை ருஸ்தம் பாஷா, 2,000 மீட்டரில் பெயர்பெற்றவன். அவளோ 1941 டெர்பியை வென்ற ஓவன் டியூடரோடு சேர்ந்து அபர்னன்ட்டை ஈன்றாள். இரண்டு தலைமுறை தொடர்ந்து தூர ஓட்டக்காரர்களின் இரத்தம் கலந்தும், அபர்னன்ட் பாட்டியைப் போலவே குறுந்தூரத்தில் கொடிகட்டிப் பறந்தான். 17 ஓட்டத்தில் 14 வெற்றி. எனவே இணை தேடுவது பாலில் நீர் கலப்பதுபோல் அளந்து செய்யும் வேலையன்று. ஒவ்வொரு பிறப்பும் ஒரு சூதாட்டம். ஆனால் சூதாட்டம் என்பதே பெண்வழியைக் காப்பதன் தேவையை வலுப்படுத்துகிறது. பெட்டை 11 மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டி தருகிறாள். வாழ்நாளில் பத்துப் பன்னிரண்டு தந்தால் பெரிது. மகள்களும் பேத்திகளும் கைவசம் இருந்தால்தான் வாய்ப்புகள் பெருகும். மாஹ் மஹாலின் மகள் மாஹ் ஈரானிடமிருந்து 1948இல் பாரிஸின் ஆர்க் பந்தயத்தை வென்ற மிகோலி வந்தான். மாஹ் ஈரானின் பேத்தி பெத்தித் எத்வால் 1959இல் ஆயிரம் கின்னியும் ஓக்ஸ் பந்தயமும் வென்றாள். அந்த வழியிலேயே 2008இல் தோல்வி காணாமல் ஆர்க்கை வென்ற ஸர்காவா. மும்தாஜ் பேகத்தின் மகள்வழியில் 1981 டெர்பியைப் பத்து உடல்நீளத்தில் வென்ற ஷெர்கார். மூன்றாம் ஆகா கானின் பேரன் காலம்வரை இந்தப் பெண்வழி ஒரே குடும்பத்தின் பண்ணையில் தொடர்ந்தது. ஆண்கள் பலர் விலைபோயினர். மஹ்மூத்தும், மும்தாஜ் பேகத்தின் மகன் நஸ்ருல்லாவும் அமெரிக்கா சேர்ந்தனர்.

பணம் செய்த வேலையைக் குதிரையின் தலையில் ஏற்றுவதா என்பது அடுத்த மறுப்பு. செல்வர் வீட்டுப் பெட்டைக்குச் சிறந்த இணை கிடைத்தது. எந்தப் பெட்டைக்குக் கிடைத்திருந்தாலும் புகழ் வந்திருக்கும் என்பார்கள். இதில் பாதி உண்மை. வென்ற கொடியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது பட்டுப்போன கொடிகள் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் அதே பணமும் அதே இணைகளும் அப்பண்ணையின் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தன. அவை எல்லாம் இவள்போல் கிளைக்கவில்லை. பந்தய வெற்றியே காரணம் என்றாலும் பொருந்தாது. ஸ்டாக்வெல், ராட்டாபிளான், கிங் டாம் மூவரையும் ஈன்ற பொகஹோன்டஸ் ஒரு பந்தயமும் வெல்லாதவள். செல்வமும் வெற்றியும் வாய்ப்பைத் தரும். வாய்ப்பு மரபாவது அதை எழுதி வைத்து, மகள்வழியைக் கைவிடாத தொடர்ச்சியால்.

மூன்றாவது மறுப்பு கணக்கியல் சார்ந்தது, அதுவே வலிமையானதும்கூட. ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னோரின் பங்கு பாதியாகிறது. இந்தியாவில் பல ஆண்டு முன்னணிப் பொலிகுதிரையாக விளங்கிய ரஸீனை எடுத்துக்கொள்வோம். அவன் தந்தை நார்த்தர்ன் டான்சர். நார்த்தர்ன் டான்சரின் தாய் நட்டால்மா, அவள் தாய் அல்மஹ்மூத், அவள் தந்தை மஹ்மூத். ஆக இவ்வழியில் ரஸீனுக்கு மும்தாஜ் மஹால் ஆறு தலைமுறைக்கு அப்பால்; பங்கு சராசரியாக 64இல் 1. தாய்வழி மட்டுமே செல்லும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவோ மஹ்மூத்தோடு அறுந்துபோயிற்று. அப்படியானால் எஞ்சுவது பெயர் மட்டுமா? பங்கைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அல்மஹ்மூத்தும் நட்டால்மாவும் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண்வழி அறுந்த இடத்தில் இன்னொரு பெண்வழி அதைச் சுமந்தது. மரபின் செய்தி இரத்தத்தின் அளவில் இல்லை. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெட்டையைப் பற்றி யாரோ ஒருவர் தெரிந்து எடுத்த முடிவில் இருக்கிறது. 1790களில் தொடங்கிய ஆங்கிலக் குதிரைப் பதிவேடு தாயின் பெயரின்கீழ் குட்டிகளை வரிசைப்படுத்தியதால்தான் அத்தகைய முடிவுகள் சாத்தியமாயின. தந்தை பல பண்ணைகளுக்குப் பொது. தாய் ஒரு பண்ணைக்கு உரியவள், ஆகவே பதிவு அவளிடமிருந்து தொடங்கியது.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு இந்த வாதம் அந்நியமன்று. இங்கே குதிரைப் பந்தயம் இல்லை. ஜல்லிக்கட்டுக் காளை இருக்கிறது. வாடிவாசல் திறக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்பது காளைக்காரர் பெயரும் ஊரும்; விலை பேசும்போது திமில், கொம்பு, சுழி பார்க்கிறார்கள். சினை ஊசி போடும் உறைவிந்துக் குச்சியில் பொலிகாளையின் எண் அச்சாகியிருக்கிறது. தாய்ப்பசு எது, அவள் தாய் எது, இதற்குமுன் என்ன ஈன்றாள் என்பது வீட்டுக்காரர் நினைவோடு நின்றுவிடுகிறது. பசுவை விற்றால் அந்த நினைவும் அற்றுப்போகிறது. காளையின் சீற்றத்தில் பழக்கத்துக்கும் பங்குண்டு, எல்லாம் பிறப்பால் அமைவதில்லை என்று சொல்வது சரியே. குதிரைக்கும் அது பொருந்தும், இருந்தும் அங்கே பதிவைக் கைவிடவில்லை. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று சொல்லும் மொழியில், நாட்டுமாட்டைக் காக்கும் முயற்சிகள் காளையின் படத்தோடு நின்றுவிடுவது முரண். சோழநாடு குதிரைக்குப் பொன் கொடுத்தது, தாய்க்கொடிக்கு ஏடு வைக்கவில்லை. ஈன்ற பசுவின் பெயரும் கன்று பிறந்த தேதியும் எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு மாட்டுக்கொட்டகையில் தொங்கினால், அக்குறையைத் தீர்க்கும் வேலை தொடங்கிவிடும்.