தீ விபத்துச் சொத்திழப்பீடு (இந்தியா)

தீ விபத்துச் சொத்திழப்பீடு என்பது, ஒருவரின் கவனக்குறைவாலோ ஒரு பொருளின் குறைபாட்டாலோ மூண்ட தீயில் வீடு, கடை, சரக்கு, பயிர், வாகனம் முதலியவற்றைப் பறிகொடுத்தவர், அந்த இழப்பின் மதிப்பைப் பொறுப்பாளியிடமிருந்தோ காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ சட்டப்படி பெறுவது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த தீங்கியல் நெறிகள், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காப்பீட்டுப் பாலிசியின் நிபந்தனைகள் எனப் பல இடங்களில் இது சிதறிக் கிடக்கிறது.

குடிசை எரிந்தால் வருவாய்த் துறையினர் வந்து கொடுக்கும் அரிசி, வேட்டி, சேலை, ரொக்கம் ஆகியவை நிவாரணம்; இழப்பீடு அல்ல. நிவாரணம் வாங்கிக்கொண்டதால், தீக்குக் காரணமானவர் மீது வழக்குப் போடும் உரிமை போய்விடாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், நிவாரணப் பட்டியலில் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணிவிடுவதுதான்.

பொறுப்பு யாருடையது

தீ தானாக ஒருவரைப் பொறுப்பாளி ஆக்கிவிடாது. அதை மூட்டிய செயலில் அல்லது பராமரிப்பில் எதிர்பார்க்கத்தக்க கவனம் இல்லை என்பதையும், அதனால்தான் இந்தச் சொத்து எரிந்தது என்பதையும் வழக்காடுபவர் காட்ட வேண்டும். அடுத்த வயலில் காய்ந்த சருகைக் கொளுத்திவிட்டுக் காற்று திரும்பும்போது ஆளில்லாமல் போனவர், வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் பஞ்சு மூட்டையை அடுக்கியவர் ஆகியோர் இதில் எளிதாக அகப்படுவார்கள். சாதாரணமாக யாராவது தவறு செய்யாமல் நேராத விபத்து, எதிராளியின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்த இடத்தில் நேர்ந்திருந்தால், நிகழ்ச்சியே சாட்சி என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, விளக்கம் சொல்லும் சுமையை எதிராளி மீது போடலாம்.

சில இடங்களில் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையே இல்லை. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் குவித்து வைத்தவர், அது வெளியேறி விளைவிக்கும் கேட்டுக்குப் பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தின் ரைலாண்ட்ஸ் எதிர் ஃபிளெச்சர் வழக்கு வகுத்தது. 1985இல் டெல்லியில் நடந்த ஓலியம் கசிவை ஒட்டி, எம்.சி. மேத்தா வழக்கில் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழில்களுக்கு ஆங்கில நெறி அனுமதித்த விதிவிலக்குகளைக்கூட எடுத்துவிட்டது. மின்வாரியங்களைப் பொறுத்தவரை 2002இல் வந்த மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கு முக்கியமானது. அறுந்து கிடந்த கம்பியால் நேர்ந்த மரணம் பற்றிய அந்தத் தீர்ப்பில், வேறு யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் வந்த வினை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிரிழப்புக்குச் சொன்ன அந்த நெறியைச் சொத்திழப்பு வழக்குகளிலும் எடுத்துக்காட்டி வாதிடலாம்.

பிறர் பொருளைக் கையில் வைத்திருந்தவர்கள் தனி வகை. மெக்கானிக் ஷெட்டில் விட்ட வண்டி, குடோனில் வைத்த மூட்டை, சலவைக் கடைக்குக் கொடுத்த பட்டு ஆகியவற்றை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோலக் காக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. லாரி நிறுவனத்தின் நிலை இதைவிடக் கடினம். பட்டேல் ரோட்வேஸ் எதிர் பிர்லா யமஹா வழக்கில் (2000), அனுப்பக் கொடுத்த ஜெனரேட்டர்கள் சரக்கு நிறுவனத்தின் குடோனில் பிடித்த தீயில் அழிந்தன. நிறுவனத்தின் கவனக்குறைவைச் சரக்கின் உரிமையாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு காப்பீட்டாளரைப் போலவே சரக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

'மின்கசிவு'

இந்தத் துறையில் சட்டம் பெரும்பாலும் சொத்தை இழந்தவர் பக்கமே நிற்கிறது. வழக்கு நொண்டுவது தீயின் காரணத்தை நிறுவும் இடத்தில்தான். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையிலும் மறுநாள் நாளிதழிலும் 'மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. யாருடைய கம்பியில் மின்கசிவு என்பதை அந்த வரி சொல்வதில்லை. பொதுவாக மீட்டர் வரையிலான இணைப்பு மின்வாரியத்தின் பொறுப்பு, மீட்டருக்கு அப்பால் உள்ள வயரிங் கட்டட உரிமையாளரின் பொறுப்பு. ஒரு முழ தூரத்தில் பொறுப்பாளி மாறிவிடுகிறார்.

மின் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார் என்று காத்திருப்பதும் சரியல்ல. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, மனிதருக்கோ கால்நடைக்கோ உயிரிழப்பு அல்லது காயம் நேர்ந்த, நேரக்கூடிய விபத்துகளைப் பற்றியே பேசுகிறது. கடை மட்டும் எரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த விசாரணை நடக்காமலே போகலாம். தீயணைப்புத் துறையின் அறிக்கை கட்டாயம் வாங்க வேண்டிய ஆவணம்தான். ஆனால் அது தீயை அணைக்க வந்தவர்களின் பதிவு. காரணத்தை ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லும் அறிக்கை அன்று.

எரிந்த இடத்தில் கிடக்கும் செம்புக் கம்பியின் முனை நிறையச் சொல்லும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தபோது இரு கம்பிகள் தொட்டுப் பொறி பறந்திருந்தால், முனையில் மட்டும் சிறு மணி உருண்டு நிற்கும். அதற்கு அடுத்த பகுதி அப்படியே இருக்கும். வெளித்தீயில் வெந்த கம்பி நீளமாக வழிந்து, மெலிந்து, உருக்குலைந்திருக்கும். மணி இருந்தால் அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் இருந்தது உறுதி. தீ அங்கேதான் தொடங்கியது என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் பெட்டியில் எந்த எம்.சி.பி. (மின்சுற்றைத் தானே துண்டிக்கும் சுவிட்சு) விழுந்திருந்தது, எது விழாமல் நின்றது, சுவரில் கரி எங்கிருந்து விசிறியாக மேலேறியது என்பவையும் சேர்ந்து தேவைப்படுகின்றன. சுத்தம் செய்ய வந்தவர்கள் முதலில் அள்ளிக் குப்பையில் போடுவதும், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போவதும் இவைதான். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரும் எதிர்த்தரப்பும் பார்க்கும்வரை இடத்தைக் கலைக்காமல் வைப்பதும், தேதி தெரியும்படி படம் எடுப்பதும் பிற்பாடு எந்த வழக்கறிஞராலும் ஈடுசெய்ய முடியாத வேலைகள்.

அளவு நாடாவால் தீரும் வழக்குகளும் உண்டு. வைக்கோல் ஏற்றிய லாரி கம்பியில் உரசி எரிவது தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் வழக்கமான செய்தி. தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சரக்கு லாரிக்கான உயர வரம்பு 4 மீட்டர். பாரம் 5 மீட்டர் உயர்ந்து, கம்பியும் 5 மீட்டருக்குத் தொங்கியிருந்தால் இருவர் மீதும் தவறு. நீதிமன்றம் இழப்பைப் பங்கிட்டுவிடும். கம்பியை மறுநாளே இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதற்கு முன் அளந்து, படம் எடுத்து, மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு எழுத்துமூலம் கொடுத்தவரின் வழக்கே நிற்கும்.

காரணத்தை நுணுகிப் பார்த்தால் பொறுப்பு எப்படிப் பிரியும் என்பதற்கு டெல்லி உப்ஹார் திரையரங்கத் தீ (13 ஜூன் 1997) துயரமான சான்று. 59 பேர் இறந்த அந்த வழக்கு உயிரிழப்புக்கானது. ஆனாலும் காரணம் தேடும் முறைக்கு அதுவே பாடம். தரைத்தளத்தில் இருந்த டெல்லி வித்யுத் போர்டின் டிரான்ஸ்பார்மரில் அன்று காலையே தீப்பிடித்து, பழுது பார்க்கப்பட்டது. கிரிம்பிங் இயந்திரம் இல்லாமல் சுத்தியலால் அடித்து கேபிள் முனையைப் பொருத்தினார்கள். மாலையில் அது கழன்று ரேடியேட்டரைத் தொட்டுத் துளை போட, எண்ணெய் ஒழுகித் தீப்பற்றியது. அடைக்கப்பட்ட வழிகளால் மக்கள் வெளியேற முடியவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டில் 85 சதவீதத்தைத் திரையரங்க உரிமதாரர் மீதும் 15 சதவீதத்தை மின்வாரியத்தின் மீதும் வைத்தது. மாநகராட்சிக்கும் காவல்துறை உரிம அதிகாரிக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்றது.

கவனக்குறைவாக நெருப்பைக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்கீழ் குற்றமும் ஆகும். அந்தக் குற்ற வழக்கில் எதிரி விடுதலையானாலும் உரிமையியல் வழக்கு தானாக விழுந்துவிடாது, ஏனென்றால் இரண்டிலும் கேட்கப்படும் நிரூபண அளவு வேறு.

குறைபாடுள்ள பொருள்

ஃபிரிட்ஜ், ஏ.சி., பேட்டரி, மின்சார ஸ்கூட்டர் போன்றவை தீயின் தொடக்கமாக இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்தில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் கைகொடுக்கும். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராதது ஆகிய எதற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. உத்தரவாதம் தந்ததில் கவனக்குறைவோ மோசடியோ இல்லை என்று அவர் நிரூபித்தாலும், அந்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் பொறுப்பு நீங்காது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பிரிவுகள் சொல்லும் 'தீங்கு', சொத்தைப் பொறுத்தவரை, பொருள் எரித்த பிற சொத்தை மட்டுமே குறிக்கும். எரிந்த ஃபிரிட்ஜின் விலையும் வியாபார நட்டமும் அதில் சேரா. ஃபிரிட்ஜின் விலையை, குறைபாடுள்ள பொருள் விற்றதற்கான வழக்கமான புகாராகத்தான் கேட்க வேண்டும்.

எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதை நட்டத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலையே தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். 20,000 ரூபாய் ஃபிரிட்ஜ் 2 கோடி ரூபாய் வீட்டை எரித்தாலும் மாவட்ட ஆணையம்தான். விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. தீப்பிடித்த கார் ஒன்றில் கணவரை இழந்த பெண் தொடுத்த வழக்கில் இந்த ஏற்பாட்டின் செல்லுபடி கேள்விக்குள்ளானது. கோரியது 50 கோடிக்கு மேல். காரின் விலையோ சுமார் 31 லட்சம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்பாடு செல்லும் என்றது. ஏழைக்கு இது நல்லதே: நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாதவருக்கு அருகிலேயே கதவு திறந்திருக்கிறது.

சமையல் எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் பொதுக் காப்பீட்டில் சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் உண்டு. இணைப்பில் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். வீடு மாறி, முகவரியை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் தூக்கிச் சென்றவருக்கு இது கிடைப்பது கடினம். ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிப்பது முதல் வேலை.

காப்பீடு

பொறுப்பாளியைத் தேடுவதற்கு முன், பாலிசி இருந்தால் அதுவே குறுக்கு வழி. பாலிசிதாரரே கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் தீக்காப்பீட்டை மறுக்கப் போதாது. கர்நாடகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு 2014 ஜனவரி 13 இரவு எரிந்து, விவசாயிகள் வைத்திருந்த மிளகாய் உள்ளிட்ட விளைபொருள் முழுதும் அழிந்தது. அந்தச் சரக்கின் மேல் வங்கி கடன் கொடுத்திருந்தது. தீ தற்செயலானது அல்ல என்றும், பாலிசி கிடங்கின் பெயரில்தான் இருக்கிறது என்றும் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. கனரா வங்கி எதிர் யுனைடெட் இந்தியா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது: விவசாயிகள் பயனாளிகள், ஆகவே நுகர்வோர், பாலிசிதாரரே தீ வைக்கத் தூண்டியவராக இல்லாதவரை தீ எப்படி மூண்டது என்பது முக்கியமல்ல. முன்னதாக 2009இல் ஸுவாரி வழக்கில், சில நொடிகளே நீடித்த தீயும் தீதான், தொடர் சேதத்துக்கு அதுவே மூலக் காரணம் ஆகலாம் என்றும் தீர்ப்பாகியிருந்தது.

தொகையைக் குறைப்பது குறைமதிப்புக் காப்பீடு. 40 லட்சம் சரக்கை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவர், 10 லட்சம் எரிந்தால் 5 லட்சமே பெறுவார். வீடுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இந்த விகிதக் கழிவு இல்லை.

பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், பாலிசிதாரரின் இடத்தில் நின்று பொறுப்பாளி மீது வழக்குத் தொடுக்கலாம். அந்த வழக்கு பாலிசிதாரர் பெயரில் அல்லது அவரோடு சேர்ந்து வர வேண்டும் என்பதை எகனாமிக் டிரான்ஸ்போர்ட் எதிர் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் (2010) அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது. ஆகவே பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனிதர் என்று 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' எனக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் எழுதிக் கொடுப்பது கூடாது. தன் உரிமையைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி நிறுவனம் பணத்தை மறுக்கக்கூடும். ஒரே நட்டத்துக்கு இரு இடத்தில் முழுத் தொகை வாங்கவும் முடியாது. பாலிசி ஈடுசெய்யாத மீதியைப் பொறுப்பாளியிடம் கேட்கலாம்.

கெடு

நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு. உரிமையியல் வழக்குக்கு 3 ஆண்டு. தமிழ்நாட்டில் அதற்கு மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். லாரி நிறுவனத்தின் மீது வழக்கென்றால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். எதிராளியோடு சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தக் கெடுக்கள் நீள்வதில்லை.