திருக்கோவிலூருக்கு வந்த காந்தி கடிதங்கள்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் காந்தி எழுதிய கடிதங்கள் எங்கள் திருக்கோவிலூருக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை வாங்கிப் படித்தவர் காங்கிரஸ்காரர் அல்ல. டேனிஷ் மிஷனில் வேலை செய்ய டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்த எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண்.

சங்கராபுரத்தில் என் ஆயாவுக்கு மிஷன் என்றால் ஆஸ்பத்திரிதான். கல்வராயன் மலையில் பிரசவம் சிக்கலானால் டோலி கட்டிக் கீழே இறக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் திருக்கோவிலூருக்குக் கொண்டுபோவார்களாம். எத்தனை பேர் பிழைத்தார்கள், யார் வழியிலேயே போனார்கள் என்று ஆயா பெயர் சொல்லிச் சொல்லுவார். அதனால் மிஷன்காரர்கள் என்ன கொடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பெண்கள் இங்கே என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைத்தான் நாங்கள் பேசுவதே இல்லை.

இந்த மிஷன் தென்னாற்காட்டில் காலூன்றியதே ஒரு மனசாட்சிச் சண்டையால். லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், திருச்சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடம் கொடுப்பதை ஏற்க முடியாமல் வெளியேறியவர். 1860களில் அவரைச் சேர்த்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ்காரர்கள் பணியைத் தொடங்கினார்கள். பிறகு திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அதுதான்.

அந்த இரண்டு பெண்களில் எஸ்தர் ஒருவர். மற்றவரான அன்னே மரி பீட்டர்சன் 1909இல் டென்மார்க்கிலிருந்து வந்தார். மிஷன் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பெண்கள் ஐரோப்பியச் சாயலில் வளர்ந்து சொந்த மண்ணுக்கு அந்நியமாகிறார்கள் என்பது அவருடைய பெரிய வருத்தம். அவர் நாட்டில் கிருண்ட்விக் என்ற பாதிரியார் காட்டிய வழியில் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று மக்கள் பள்ளிகள் எழுந்திருந்தன. தேர்வுக்குப் படிக்கும் படிப்பல்ல அது. தாய்மொழி, பாட்டு, வரலாறு, சேர்ந்து வாழும் வாழ்க்கை. அப்படி ஒன்றைத் தமிழ்ப் பெண்களுக்காகத் தொடங்க நினைத்தவர், இந்தியாவில் யார் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பார்த்துவரப் புறப்பட்டார். எஸ்தரும் உடன் போனார்.

1917 ஜனவரியில் இருவரும் அகமதாபாத் போய்ச் சேர்ந்தார்கள். காந்தியின் ஆசிரமம் அப்போது சபர்மதிக் கரைக்கு வந்திருக்கவில்லை. கோச்ரப்பில் ஒரு பங்களாவில் இருந்தது. காந்தி நடத்திய சம்பாரண் போராட்டத்துக்கும் இன்னும் மூன்று மாதம் இருந்தது. நாடு முழுதும் பின்னால் திரளும் தலைவரை அவர்கள் பார்க்கப் போகவில்லை. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தை 1915இல் சேர்த்துக்கொண்டதற்காக நன்கொடை நின்றுபோய்த் தவித்த ஆசிரமம் அது. ஓக்ஸ் வழி வந்த மிஷனின் பெண்கள், தங்கள் மிஷன் பிறந்த காரணத்தை ஓர் இந்து ஆசிரமத்தின் பந்தியில் கண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் வாழ்க்கையின் திசையை மாற்றிய பயணம் அது.

அதன் பிறகுதான் கடிதங்கள். காந்தி எஸ்தரை மகளாகவே பாவித்து எழுதினார். அந்தக் கடிதங்களை 'மை டியர் சைல்ட்' என்ற பெயரில் 1956இல் நவஜீவன் நூலாக வெளியிட்டது.

மிஷனுக்கு இந்தக் கடிதத் தொடர்பு பிடிக்கவில்லை. அவர்கள் பயத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். போர் தொடங்கியபின் லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு நாட்டைவிட்டு அனுப்பியிருந்தது. டென்மார்க் நடுநிலை நாடுதான். ஆனாலும் அந்நியர் என்ற சந்தேகம் எப்போதும் தலைமேல் தொங்கியது. அரசு முகம் சுளித்தால் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் போய்விடும். ஆனால் எஸ்தரின் நியாயமும் சிறியதல்லவே! 1919இல் மிஷனை விட்டார். பிறகு ஆசிரமத்தில் போய்த் தங்கினார். அங்கேயும் எல்லாம் இனிக்கவில்லை. கஸ்தூர்பாவோடு வந்த மனத்தாங்கலுக்கும் காந்திதான் கடிதத்தில் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் மேனன் என்ற மலையாள மருத்துவரை மணந்துகொண்டார்.

பீட்டர்சனும் மிஷனிலிருந்து விலகினார். பரங்கிப்பேட்டையில் 'சேவா மந்திர்' என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921 செப்டம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. அதே சுற்றுப்பயணத்தில்தான் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். பீட்டர்சன் 1951இல் காலமாகும்வரை பரங்கிப்பேட்டையே அவர் ஊர். பல கடல் தாண்டி வந்து, கிறிஸ்துவையும் விடாமல் கதரையும் உடுத்தி, நம் பெண்களோடு வாழ்ந்து முடித்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் எங்களோடு வந்தது. மாவட்டப் பெருமை பேசும் மேடைகளில் உலகளந்த பெருமாளும் கபிலர் குன்றும் மேகம் அருவியும் தவறாமல் வருகின்றன. எஸ்தரின் பெயரை நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை. திருக்கோவிலூரில் ஒரு தெருவுக்காவது அவர் பெயரை வைக்கும்படி நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.