கிளாஸ்கோ போலீஸ் மியூசியம் வீடு மாறின கதை

போலீஸ் வரலாறுன்னாலே 1829, லண்டன், சர் ராபர்ட் பீல்னு தான் ஆரம்பிப்பாங்க. இதை ஒரு கிளாஸ்கோகாரர்கிட்ட சொல்லிப் பாருங்க, சண்டைக்கே வந்துடுவார் :-) அவங்க ஊருக்கான போலீஸ் சட்டம் 1800லயே பாராளுமன்றத்துல நிறைவேறிடுச்சு. லண்டனுக்கு 29 வருஷம் மூப்பு.

அதுக்கும் முன்னாடி 1779லயும் 1788லயும் ரெண்டு தடவை முயற்சி பண்ணி, ரெண்டு தடவையும் காசில்லாம இழுத்து மூடினாங்க. சம்பளம் கொடுக்க வரி போடணும், வரி போடச் சட்டம் வேணும். 1800ல அது கிடைச்சதும் ஜான் ஸ்டென்ஹவுஸ்ங்கிற வியாபாரி தலைவரானார். கீழ 9 போலீஸ்காரங்க, 68 ராக்காவல்காரங்க. தெருவிளக்கு, தெருக் கூட்டுறதுன்னு முனிசிபாலிட்டி வேலையும் அதே சட்டத்துக்குள்ள தான் இருந்துச்சு.

அந்தப் படை இன்னைக்கு இல்லை. 1975ல ஸ்ட்ராத்கிளைட் போலீஸ்ல இணைச்சாங்க. 2013ல அதுவும் போலீஸ் ஸ்காட்லாந்துக்குள்ள கரைஞ்சு போச்சு. கிளாஸ்கோ போலீஸ்ங்கிற பேரைக் காப்பாத்த, தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு சின்ன மியூசியம் நடத்தினாங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்கொயர்ல இருந்த அதை, 2009ல பெல் ஸ்ட்ரீட்டுக்கு மாத்தினாங்க.

நடந்தா பத்து நிமிஷ தூரம் தான். ஆனா விஷயம் தூரத்துல இல்லைங்க. பழைய இடத்துக்குப் பக்கத்துல இருந்தது 20ஆம் நூற்றாண்டுத் தலைமை ஸ்டேஷன். புது இடத்துக்குப் பக்கத்துல, சவுத் ஆல்பியன் ஸ்ட்ரீட்ல இருந்தது 1825ல வந்த ஸ்டேஷன். அதாவது மியூசியம் முன்னாடி போகல, தாத்தா வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு!

நம்ம பொழப்புல சர்வர் மாத்துறப்போ எதைக் கொண்டு போறது, எதைப் பழைய டிஸ்க்லயே விடுறதுன்னு ஒரு லிஸ்ட் போடுவோம்ல? மியூசியம் மாறுறப்பவும் அதே கேள்வி தான். சிலது யோசிக்காமலே பெட்டிக்குள்ள போயிடும். உதாரணத்துக்கு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டை வச்ச தொப்பி. கூட்டத்துல போலீஸ்காரர் யாருன்னு பளிச்சுனு தெரியணும்னு 1932ல கிளாஸ்கோ தலைமை அதிகாரி பெர்சி சில்லிட்டோ கொண்டு வந்தது. ஸ்காட்லாந்து ராணுவத் தொப்பியில இருந்து எடுத்த டிசைன். இன்னைக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போலீஸ் தலையில அந்தக் கட்டம் தான். பெருமைப்படுற மேட்டர், யாரும் மறக்க மாட்டாங்க.

லெப்டினன்ட் ஜான் ட்ரென்ச் கதை அப்படியில்ல.

1908 டிசம்பர்ல கிளாஸ்கோல மேரியன் கில்கிறிஸ்ட்னு ஒரு வசதியான வயசான அம்மா கொலையானாங்க. ஆஸ்கர் ஸ்லேட்டர்ங்கிற ஜெர்மன் யூதரைப் பிடிச்சாங்க. 1909ல தூக்குத் தண்டனை. தூக்குக்குக் கொஞ்சம் முன்னாடி ஆயுள் தண்டனையா மாத்தினாங்க. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின கோனன் டாயிலே 1912ல அவருக்காகப் புத்தகம் போட்டார். அந்தக் கேஸ்ல வேலை பார்த்த ட்ரென்ச்சுக்கும் மனசு கேக்கல. தனக்குத் தெரிஞ்ச சாட்சி விவரத்தை வெளியே சொன்னார். 1914ல விசாரணை வச்சாங்க, ஸ்லேட்டருக்கு ஒண்ணும் நடக்கல. ட்ரென்ச்சோட வேலை தான் போச்சு. 1919ல இறந்துட்டார்.

ஸ்லேட்டர் வெளியே வந்தது 1927ல. அடுத்த வருஷம் தீர்ப்பும் ரத்தாச்சு. பதினெட்டு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்ததுக்கு 6,000 பவுண்டு. தான் சொன்னது வீண் போகலைன்னு தெரிஞ்சுக்க ட்ரென்ச் உயிரோட இல்லை.

ஒரு படையோட நினைவைப் பெட்டி கட்டுறப்போ ட்ரென்ச்சுக்குத் தான் முதல் இடம் கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன். தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறது சுலபம். "எங்க ஆளு உண்மையைச் சொன்னார், நாங்க அவரை வெளியே அனுப்பினோம்"னு எழுதி மாட்டுறது அவ்வளவு சுலபமில்லை. ஆனா அந்த ஒரு அட்டை இருந்தாத்தான் மத்த பெருமைகளையும் நம்பத் தோணும். இல்லேன்னா அது யூனிஃபார்ம் ஷோரூம் தான், என்ன சொல்றீங்க மக்களே?