ரெண்டு ஊரு, ஒரே டிக்கெட்

போன மாசம் ஊரிலிருந்து அப்பா பெங்களூர் வந்திருந்தார். இங்கே குடும்பத்தோடு இருக்கிற நம்ம ஆட்களுக்குத் தெரிந்த கதைதான்... லால்பாக், விதான சௌதா காட்டி முடித்துவிட்டால் மூன்றாம் நாள் நம்மிடம் சரக்கு தீர்ந்துவிடும். காரை எடுத்தால் பாதி நாள் சிக்னலில் போய்விடும். சரி, மெட்ரோதான் என்று கிளம்பினோம்.

ரயிலில் ஏறியதுமே அப்பா குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுப்பா, தமிழ்னு தெரிஞ்சா வம்பு." 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது அவருடைய நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர் வந்து சேர்ந்தாராம். அது இன்னும் அவர் மனசை விட்டுப் போகவில்லை.

அல்சூரில் இறங்கினோம். சோமேஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போகிற வழியில் எங்கே திரும்பினாலும் தமிழ்ப் பேச்சு. "இவங்கள்லாம் எப்ப வந்தாங்க?" என்றார். கம்ப்யூட்டர் கம்பெனிகளோடு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போல!

நடந்தது இதுதான். 1537ல் கெம்பே கவுடா கட்டிய கோட்டையும் பேட்டைகளும்தான் பழைய பெங்களூர். 1799ல் திப்பு வீழ்ந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படை மலேரியாவில் அவதிப்பட, 1809ல் பெங்களூருக்குக் கிழக்கே கன்டோன்மென்ட் உருவானது. வந்தது மதராஸ் படை. அதன் பின்னாலேயே சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், வியாபாரி என்று நம்ம ஜனங்களும் வந்து அல்சூர், சிவாஜி நகர்ப் பக்கம் குடியேறினார்கள். 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயிலும் கன்டோன்மென்டில்தான் நின்றது.

1881ல் மைசூர் மகாராஜாவிடம் ஆட்சி திரும்பியபோதும் கன்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயர் கையில். ஊர் ஒன்று, சர்க்கார் ரெண்டு! 1947 ஜூலையில்தான் அது மைசூரிடம் வந்தது. 1949ல் ரெண்டும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின.

ஆக, நாம் நேற்று வந்தவர்கள் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கன்னடம் தெரியாமலே அந்தப் பக்கம் காலத்தை ஓட்டிவிட முடிந்தது. ஊர் சேர்ந்து எழுபது வருசத்துக்கு மேல் ஆகியும் நம்மில் பலர் இன்னும் அப்படித்தானே இருக்கிறோம்?

ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. 1991லிருந்து பதினெட்டு வருசம் மூடியே இருந்தது. 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரும், சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரும் திறக்கப்பட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

மறுபடி பர்ப்பிள் லைன். 2011ல் ஓட ஆரம்பித்தபோது எம்.ஜி. ரோடோடு நின்ற ரயில், 2016ல் கப்பன் பார்க் சுரங்கம் வழியாக மெஜஸ்டிக் வரை இணைந்தது. ரெண்டு ஊருக்கும் நடுவே 1870ல் போட்ட தோட்டம் அந்தக் கப்பன் பார்க். இப்போது அதன் ஓரமாகப் பூமிக்கடியில் நிமிஷத்தில் தாண்டிவிடலாம்.

பேச்சு சுவாரசியத்தில் அப்பாவின் குரல் ஏறிவிட்டது. எதிர் சீட்டுக்காரர் எங்களையே பார்த்தார். எனக்கே கொஞ்சம் பக்கென்றது. "பெரியவரே, மெஜஸ்டிக் வந்திடுச்சு, இறங்கணுமா?" என்றார், கன்னட வாசனை வீசும் தமிழில்!

அங்கேயே கிரீன் லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை. பக்கத்திலேயே அரிசிக்கு அக்கிபேட்டை, பஞ்சுக்கு அரளெபேட்டை என்று தொழிலுக்கொரு பேட்டை. கடைக்காரரிடம் நான் "எஷ்டு?" என்றதும் அப்பா "அப்படின்னா?" என்றார். "எவ்வளவு"ன்னு சொன்னேன். அடுத்த கடையில் அவரே கேட்டார்.

உங்க வீட்டுப் பெரியவங்க வந்தா இந்த வழியிலே கூட்டிட்டுப் போங்க. வர்ற வழியிலே ரெண்டு கன்னட வார்த்தையும் சொல்லிக்கொடுங்க. நமக்கும் சேர்த்துத்தான்.