மங்கலத்தில் விலைக்கு நிற்கும் ஆர்எக்ஸ் 100

எண்பதுகளில் ஜப்பான் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களை நம் ஊர் இளைஞர்கள் படத்தில்தான் பார்த்தார்கள். இறக்குமதி வரி அப்படி. ஜப்பான்காரர்களின் வேகம் கொங்கு நாட்டுக்கு வந்தது இரண்டு சக்கரத்தில்; அதன் பெயர் யமஹா ஆர்எக்ஸ் 100. திருப்பூர் பக்கத்து மங்கலத்தில், சோமனூர் போகிற ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் அப்படி ஒரு வண்டி விலைக்கு நிற்கிறது. 1990 மாடல், கருப்பு. ஆர்.சி. புத்தகத்தில் மூன்று பெயர்கள்.

இந்த வண்டியின் பிறந்த வீடு எது என்று தேடிப் போனால் தறி ஓட்டும் மங்கலத்துக்காரர்களுக்கு உறவாகிவிடும். ஜப்பானில் ஷிசுவோகா மாகாணத்தில் ஹமாமட்சு என்றொரு நெசவு ஊர். 1909-இல் மிச்சியோ சுசுகி அங்கே தறி செய்யும் பட்டறை போட்டார். அதுதான் இன்றைய சுசுகி. பக்கத்து கிராமத்தில் பிறந்த சாகிச்சி டொயோடா, பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தார். அதன் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டுக்குப் பேசி வாங்கியது. டொயோட்டா கார் பிறந்ததற்குப் பின்னால் அந்தத் தறிக்காசும் உண்டு. யமஹா மட்டும் தறி வீட்டுப் பிள்ளை இல்லை. அதே ஹமாமட்சுவில் 1887-இல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்க்கப் போன டொராகுசு யமஹா, பிறகு ஆர்கனே செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கம்பெனி விமானங்களுக்கு ப்ரொப்பெல்லர் செய்தது. போர் முடிந்தபின் கையில் இருந்த இயந்திரங்களை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்ததுதான் மோட்டார் சைக்கிள். 1955-இல் யமஹா மோட்டார் தனிக் கம்பெனியாகி, முதல் வண்டியான ஒய்ஏ-1 அதே ஆண்டு ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் ஜெயித்தது. அறுபதுகளில் டொயோட்டா தன் 2000ஜிடி ஸ்போர்ட்ஸ் காரை யமஹாவோடு சேர்ந்துதான் செய்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கும் நம் ஆர்எக்ஸுக்கும் ஒரே கைராசி என்று நான் சொல்வது அதனால்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கூட்டுக்கு அரசாங்கம் கதவைத் திறந்தது. 1984-இல் ஓசூரில் இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா, அதே ஆண்டு கடைசியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியும் யமஹாவும் சேர்ந்த கூட்டில் ஆர்எக்ஸ் 100. முதலில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு தில்லியை அடுத்த சூரஜ்பூர் ஆலையிலேயே தயாரானது. அந்த 1985-இல் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி மொத்தமே 20 கோடி ரூபாய்க்குள். ஊரும் வண்டியும் ஒரே நேரத்தில் வேகம் பிடித்தன.

98 சிசி, 11 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய நூறு கிலோ. அதே அளவு ஹீரோ ஹோண்டா எட்டு குதிரைத்திறனைத் தொடவில்லை. ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் பெட்ரோல் எரியும். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். அதனால்தான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினவுடன் அந்த இழுவை. கிக்கரை ஒரு உதை உதைத்ததும் கிளம்புகிற சத்தம் தனி. அடுத்த வீதியில் இருப்பவரும் வண்டியின் பெயரைச் சொல்லிவிடுவார். பிரேக் மட்டும் முன்னும் பின்னும் வெறும் டிரம். ஓடுகிற வேகத்துக்கு அது பத்தாது என்பதுதான் என் கணிப்பு, ஓட்டியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

புத்தகத்தில் முதல் பெயர் ஒரு விசைத்தறிக்காரருடையது. தறி ஸ்பேர் வாங்க, துணி கொடுக்கிற இடத்தில் கூலி வசூலிக்க, திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் அலைந்த வண்டி. இரண்டாவது, சாயப்பட்டறை சூப்பர்வைசர். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது. சம்பளம் நின்ற மாதங்களில் வீட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக விற்றவர்களில் அவரும் ஒருவர். வாங்கியது இந்த ஒர்க்‌ஷாப்காரர். “அன்னைக்குக் குடுத்த காசுக்கு இன்னைக்கு எஞ்சின்கூட வராதுங்க” என்கிறார். உண்மைதான். வந்த புதிதில் இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த வண்டி, இன்று நல்ல நிலையில் இருந்தால் லட்சத்தைத் தாண்டுகிறது.

விலை ஏறியதற்குக் காரணம், இனி புதிதாக வராது என்பதுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே டூ டி ஆயிலும் எரிந்து நீலப்புகை வரும். 1996-இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்றுவரை புதிது புதிதாக வந்து ஓடியிருந்தால் நம் ஊர்க் காற்று தாங்கியிருக்காது. மிச்சம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

வாங்க நினைப்பவர் முதலில் குனிந்து எஞ்சினையும் சேஸையும் பாருங்கள். இரண்டு எண்ணும் 1எல்1 என்று தொடங்க வேண்டும், ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் தேய்ந்தோ புதிதாக அடித்தது போலவோ இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்; ஆர்எக்ஸ் அதிகம் திருடு போகிற வண்டி. போர் எத்தனை தடவை போட்டது, எந்த சைஸ் பிஸ்டன் இருக்கிறது என்று கேளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய்.

வாங்கியபின் சைலன்சரை அறுத்துச் சத்தம் கூட்டுவது, கலர் அடித்து டேங்கை மாற்றுவது எல்லாம் வேண்டாம். மங்கலத்து வண்டி முப்பத்தைந்து வருடமாக மிகுனி கார்புரேட்டரோடும் கம்பெனி சைலன்சரோடும் அப்படியே இருக்கிறது. அதை அப்படியே ஓட்டத் தெரிந்தவர் வாங்கட்டும். வாங்கியதும் நாலாவது பெயரைப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள், பழைய ஓனர் பெயரிலேயே ஓட்ட வேண்டாம்.