குரிடிபாவின் குழாய் நிறுத்தங்கள்

தெற்கு பிரேசிலில் உள்ள குரிடிபா நகரம், 1974இல் சாலையின் நடுவே பேருந்துக்கென்றே தனித்தடம் ஒதுக்கியது. கட்டடக்கலைஞரான ஜைமி லெர்னர் அப்போது மேயர். சுரங்க ரயிலை விட இந்தத் தனித்தடம் பன்மடங்கு மலிவு. பேருந்துகள் நெரிசலில் சிக்காமல் ஓடின. ஆனால் மிச்சமான நேரத்தை நிறுத்தங்கள் விழுங்கின. பயணிகள் ஒவ்வொருவராகப் படியேறி, சில்லறை எண்ணிக் கொடுத்து உள்ளே போவதற்குள் வண்டி காத்துக்கிடக்க வேண்டியிருந்தது.

லெர்னர் மீண்டும் மேயராக இருந்த 1991இல் அதற்கு விடை கிடைத்தது. கண்ணாடியும் எஃகும் கொண்டு, படுக்கவைத்த குழாய் வடிவில் நிறுத்தங்கள் எழுந்தன. ஒரு முனையில் நடத்துநர் அமர்ந்து கட்டணம் வாங்குவார். சுழல்கதவு வழியே உள்ளே போக வேண்டும். தளம் பேருந்தின் தரைமட்டத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தது. வண்டி நின்றதும் அதன் கதவோடு ஒரு பலகை விரிந்து இடைவெளியை மூடும். படியும் இல்லை, சீட்டு வாங்கும் வேலையும் இல்லை; எல்லாக் கதவுகளிலும் ஒரே சமயத்தில் ஏறி இறங்கலாம். சக்கர நாற்காலியில் வருவோருக்குத் தளத்துக்கு ஏற மின்தூக்கியும் வைத்தார்கள். மழைக்கு ஒதுங்கும் கூரையாக மட்டும் இருந்த பேருந்து நிறுத்தம், ரயில் நிலையத்தின் வேலையைச் செய்யத் தொடங்கியது இங்கேதான் எனலாம். குறை இல்லாமல் இல்லை: குழாய் குறுகலானது, அலுவலக நேரத்தில் நெருக்கியடிக்கும்.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டா 2000இல் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது. 2009இல் அகமதாபாத்தின் ஜன்மார்க் பேருந்துத் திட்டம் வந்தது. அங்கே நிலையங்கள் சாலை நடுவில் இருப்பதால் பேருந்துகளுக்கு வலப்பக்கம் கதவு வைக்கப்பட்டது.