ஈடு, ஒற்றி, அறுதி: வயல் கைமாறிய ஒரு வழி

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் எங்கள் தம்பலகாமத்து வயல்களைப் பற்றிப் பேசும்போது மூன்று சொற்கள் வந்து விழும். ஈடு, ஒற்றி, அறுதி. வயலைப் பிணையாகக் காட்டிக் கடன் வாங்குவது ஈடு. கடன் தீரும்வரை கொடுத்தவரே வயலைச் செய்து விளைச்சலை எடுத்தால் அது ஒற்றி. விற்றுத் தீர்த்துவிடுவது அறுதி. 'அறு' என்ற வினையடியிலேயே பொருள் கிடக்கிறது, காணிக்கும் ஆளுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. நான் சொல்ல வரும் மோசடி, ஈட்டை அறுதியாக எழுதுவதில் இருக்கிறது.

கள்ளக் கையெழுத்தும் ஆள்மாறாட்டமும் நடக்காமலில்லை. ஆனால் ஊரில் மூத்தவர்கள் வாய்விட்டுச் சொல்லும் கதைகளில் கையெழுத்து உண்மையானதாகவே இருக்கும். மகளின் கலியாணத்துக்கோ ஒரு போகம் பொய்த்ததாலோ காசு தேவைப்படுகிறது. கொடுப்பவர் ஈட்டுறுதி கேட்பதில்லை. "அறுதியா எழுதுங்க, ரெண்டு வருசத்துக்குள்ள காசத் தந்தா திருப்பி எழுதித் தாறன்" என்பார். நொத்தாரிசு முன்னால் விற்பனை உறுதி முடியும். வாக்குறுதி வாயோடு நிற்கும். காசோடு போனால், "வித்த வயலுக்கு என்ன மீட்பு?"

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஏமாற்றுக்குக் கவசமாக நின்றது மோசடியைத் தடுக்க வந்த சட்டமேதான். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையோ ஈடோ நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுத்தில் முடிந்தாலன்றிச் செல்லாது என்றது. வாய்ச்சொல்லை வைத்து அடுத்தவன் காணியைப் பறிப்பதைத் தடுப்பது நோக்கம். எழுதிய பத்திரத்தை வாய்ச்சாட்சியால் மாற்ற முடியாதென்று 1895 இன் சாட்சியக் கட்டளைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. ஆகவே, "இது கடன்தான், விற்பனை அல்ல" என்று வழக்குக்குப் போன ஏழைக்கு எழுத்தே எதிராளியாயிற்று.

கதவு திறந்தது 1917 இல். அவ்வாண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு, சூழ்நிலைகளைப் பார்க்கையில் சொந்தக்காரர் அனுபவ உரிமையையும் கைவிட எண்ணினார் என்று கொள்ள முடியாதிருந்தால், எழுதி வாங்கியவர் அவருக்காகவே காணியை வைத்திருக்கிறார் என்கிறது. எழுத்து வேண்டும் என்ற விதி மோசடிக்குத் துணைபோகும் இடத்தில் பொருந்தாது என்று 5 ஆம் பிரிவும் சொல்கிறது. 1932 இல் சாமிநாதன் செட்டி எதிர் வாண்டர்பூர்ட்டன் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அதில் கைமாற்ற உறுதியோடு இன்னொரு பத்திரமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்து, இது கடனுக்கான பிணை என்று தீர்ப்பாயிற்று. பிற்காலத் தீர்ப்புகளில் நீதிமன்றங்கள் தேடியவை சாதாரண விஷயங்கள்தாம்: விலை சந்தை மதிப்புக்கு எவ்வளவு கீழே, உறுதி முடிந்த பின்னும் வயலை யார் செய்தார், முத்திரைச் செலவும் நொத்தாரிசு கூலியும் யார் கொடுத்தார், வட்டி போனதா.

இந்தியாவிலும் இதே நோய்தான். அங்கே நிபந்தனை விற்பனை வடிவில் ஈடு இருக்கலாம் என்று 1882 இன் சொத்து மாற்றச் சட்டம் ஏற்றது. 1929 இல் வந்த திருத்தம், நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றாக்கிற்று.

நம் சமூகத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. அதை மறைக்கக் கூடாது. வட்டி என்ற பெயர் ஈட்டுறுதியில் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரியும், விற்பனை உறுதியில் தெரியாது. புகாரா, சமர்கந்த் பக்கத்து ஹனபி அறிஞர்கள் 'பைஉல் வபா' என்றும், ஹழரமௌத் ஷாபிஈகள் 'பைஉல் உஹ்தா' என்றும் பெயரிட்டு நூற்றாண்டுகளாக வாதித்தது இந்த மீட்பு விற்பனையைத்தான். உதுமானியரின் மஜல்லா 118 ஆம் உறுப்பில் அதற்கு வரைவிலக்கணமே கொடுத்தது. தேவையுள்ளவனுக்கு வசதி என்று அனுமதித்தவர்களும் உண்டு. 1992 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, இதன் உண்மை நிலை பயன்தரும் கடனே என்று சொல்லி மறுத்தது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்து நெடிய வசனத்தையும், அடுத்துவரும் ரஹ்ன் வசனத்தையும் ஓதும் நாம், கடனை விற்பனை என்று எழுதச் சம்மதித்தது எப்படி என்பது என் கேள்வி.

கடன் வாங்குபவர் செய்யும் மோசடியும் இருக்கிறது. ஒரே காணியை இரண்டு பேரிடம், முதலாவதைச் சொல்லாமல் ஈடு வைப்பது. நம் பொதுச் சட்டத்தின் வேரான ரோமச் சட்டம் இதைத் தனிக் குற்றமாகவே பார்த்து 'ஸ்டெல்லியோநாத்துஸ்' என்று பெயர் வைத்தது; ஸ்டெல்லியோ என்பது ஒரு பல்லி வகை! இன்று இதற்கு 1927 இன் 23 ஆம் இலக்கப் பத்திரப் பதிவுச் சட்டம் இருக்கிறது. முந்திப் பதிந்த உறுதிக்கே முன்னுரிமை, கபடமோ கூட்டுச்சதியோ இல்லாதவரை. ஆதலால் காசு கொடுப்பவர் காணிப் பதிவகத்தில் பக்கத்தைத் தேடிப் பார்க்காமல் இருப்பது தன் தலையில் மண் போடுவது. ஏமாற்றிப் பணம் பெற்றது நிரூபணமானால் தண்டனைக் கோவை 403 இன்படி ஏழு ஆண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. பொய் ஆவணம் ஆக்குவதும், அதைத் தெரிந்தே பயன்படுத்துவதும் வேறு குற்றங்கள்.

பெர்மிட் காணியின் சங்கடம் தனி. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை நினைத்தவரிடம் ஈடு வைக்க முடியாது. அப்படியும் முத்திரைத் தாளில் எழுதி ஒற்றி கொடுக்கிறார்கள். அந்தத் தாள் நீதிமன்றத்தில் செல்லாது. ஏமாற்றப்பட்டவர் முறையிடப் போனால் தானும் நிபந்தனையை மீறியதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் பலர் வாய்மூடிப் போகிறார்கள்.

யுத்தம் இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. இடம்பெயர்ந்தவர் காணியில் இருந்துகொண்டு பத்தாண்டு ஆட்சி கோருவோருக்கு எதிராக 2016 இன் 5 ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் உரிமையைத் தேடமுடியாதவருக்கு அது கைகொடுத்தது. கடனுக்காக அறுதி எழுதிக் கொடுத்தவர் பிரச்சினை அதுவல்ல. அவர் 83 ஆம் பிரிவின் சூழ்நிலைகளைத்தான் நிரூபிக்க வேண்டும். இடம்பெயர்ந்த வருடங்களில் வயலைச் செய்யவில்லையே என்று எதிராளி கேட்பார். அதற்கு முந்திய ஏக்கர் வரி ரசீதும், கமநல சேவை நிலையத்து வயற்காணிப் பதிவேட்டில் உள்ள பெயரும், வட்டி கொடுத்ததற்கான துண்டும் கையில் இருந்தால் சட்டத்தரணிக்குப் பேச ஏதாவது இருக்கும்.